காலிக் கொக்கி

“சார், கொஞ்சம் வெளியில வாங்களேன். ஒரு வில்லை வரல.”

கேட்டில் டிக்கெட் கொடுக்கும் அக்கா வாசலில் நின்று மெதுவாகத்தான் சொன்னார். ரேஞ்சர் நிமிர்ந்து பார்த்தார். எதிர் நாற்காலியில் மதிப்பீட்டுக்கு வந்த மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தேசியப் பூங்காவில் காட்டுக்குள் போகிற ஒவ்வொருவர் கையிலும் எண் போட்ட பித்தளை வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள். திரும்பி வந்ததும் வாங்கி, பலகையில் அந்த எண்ணுக்குரிய கொக்கியில் மாட்டுவார்கள். பொழுது சாயும்போது ஒரு கொக்கி காலியாக இருந்தால், ஓர் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

அதுவும் இன்றைக்குத்தானா இப்படி ஆக வேண்டும்?

மேடம் காலையிலேயே யாருக்கும் சொல்லாமல் வந்து, கூட்டத்தோடு கூட்டமாகக் காட்டைச் சுற்றிவிட்டு, மத்தியானம்தான் அலுவலகத்துக்குள் வந்து தான் யார் என்று சொன்னார். அதிலிருந்து கேள்வி மேல் கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை பேரை உள்ளே விடுகிறீர்கள், குப்பை எங்கே போகிறது, ஓடைத் தண்ணீரை யார் சோதிக்கிறார்கள். போன தடவையே மதிப்பெண் குறைந்து பூங்கா மயிரிழையில் தப்பியது. இந்தத் தடவையும் குறைந்தால் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். வழிகாட்டி, டிரைவர், கேண்டீன்காரர், இந்த அக்கா, எல்லார் பிழைப்பும் போச்சு.

ரேஞ்சர் வெளியே வந்தார். பலகையில் நாற்பத்தி மூன்றாம் கொக்கி மட்டும் மொட்டையாகத் தெரிந்தது.

“நல்லாப் பார்த்தீங்களா அக்கா? ரெண்டு வேன்ல வந்த குடும்பம் வில்லையெல்லாம் கொத்தா கொண்டுவந்து கொட்டிச்சே, அதுல ஒண்ணு குறைஞ்சிருக்குமோ?”

“இல்ல சார். அந்த வீட்டு மருமகப் பொண்ணு அத்தனையும் பையிலேர்ந்து எடுத்துக் குடுத்துச்சு. கொடுத்த எண்ணெல்லாம் வந்துடுச்சு. இது வேற யாரோ.”

“யாருக்குக் குடுத்தோம்னு ஞாபகம் இருக்கா?”

“காலையில வந்த கூட்டத்துல எனக்கு என் பேரே மறந்து போச்சு.” அக்கா குரலைத் தாழ்த்தினார். “சார், மேஜைக்குள்ள மாத்து வில்லை இருக்கு. மாட்டிடட்டுமா? போன மாசம் ஒரு வாண்டு சாவிக்கொத்துல கோத்து வீட்டுக்கே எடுத்துட்டுப் போகலியா? அந்த மாதிரி இருக்கும்.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி...” அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அந்தம்மா கிளம்பினப்புறம் தேடலாமே. ஒரு மணி நேரம்தானே.”

ஒரு மணி நேரத்தில் கும்மிருட்டாகிவிடும். ஓடைப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் இருப்பதாகக் காலையில்தான் சொன்னார்கள். ரேஞ்சர் மாற்று வில்லையை வாங்கிக் கொக்கிவரை கொண்டுபோனார். மாட்டவில்லை. அதை அக்கா கையிலேயே திணித்துவிட்டு உள்ளே போனார்.

“மேடம், ஒருத்தர் இன்னும் வெளியில வரல. நாங்க தேடப் போறோம்.”

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “பொழுது சாஞ்சா உள்ள வண்டி போகக் கூடாதுன்னு நீங்கதானே போர்டு வச்சிருக்கீங்க? மிருகமெல்லாம் தண்ணிக்கு வர்ற நேரம்னு?”

“ஆமா மேடம்.”

“ஆளைத் தொலைச்சதுக்கு ஒரு மார்க், வண்டி விட்டதுக்கு ஒரு மார்க்.”

“குறைச்சுக்கோங்க மேடம்.”

ரெண்டு ஜீப்பும் கேட்டைத் தாண்டின. காவலர்கள் டார்ச்சோடு நடைபாதையில் பிரிந்து போனார்கள். ரேஞ்சர் வயர்லெஸ்ஸைப் பிடித்தபடி வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தார். மேடம் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தபடி இருந்தார். அக்கா ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார், குடிக்கவில்லை.

நன்றாக இருட்டிவிட்டது. ரேஞ்சர் போலீஸுக்குச் சொல்லப் போனை எடுத்தபோது, மேடம் எழுந்து வந்து கைப்பையைத் திறந்தார்.

“போன் வேண்டாம். இந்தாங்க.”

அவர் உள்ளங்கையில் பித்தளை வில்லை. நாற்பத்தி மூன்று.

“காலையில டிக்கெட் எடுத்தப்போ உங்க அக்கா கையாலேயே குடுத்தது. திருப்பிக் குடுக்காம வச்சிருந்தேன். எல்லாக் காட்டுலயும் ஏதாவது ஒண்ணு இப்படிச் செஞ்சு பார்ப்பேன். கடைசியா போன ரெண்டு இடத்துலயும் கணக்கைச் சரிக்கட்டிட்டு எனக்கு டாட்டா காட்டினாங்க. நீங்கதான் வண்டியை எடுத்தீங்க. பயப்படாதீங்க, மார்க் ஒண்ணும் குறையாது.”

ரேஞ்சர் தொப்பென்று படியில் உட்கார்ந்தார்.

“நல்லா விளையாடினீங்கம்மா. எனக்குப் பாதி உசிரு போச்சு” என்றார் அக்கா.

“எல்லாரையும் திரும்பி வரச் சொல்லுங்க ரேஞ்சர். உள்ள யாரும் இல்ல. பாவம், மிருகங்களாவது நிம்மதியாத் தண்ணி குடிக்கட்டும்.”

ரேஞ்சர் வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனார். அதற்குள் அதுவே கரகரத்தது.

“சார், ஆள் கிடைச்சுட்டாரு. வயசானவரு, ஓடைக்கரையில காலைப் பிசக்கிட்டு, கத்திக் கத்திக் குரலே போய் உட்கார்ந்திருக்காரு. அந்த ரெண்டு வேன் குடும்பம்தான் சார். அந்த வேன்ல இருப்பாருன்னு இவங்களும், இந்த வேன்ல இருப்பாருன்னு அவங்களும் கிளம்பிட்டாங்க போல. வில்லையை உள்ள போறப்பவே மருமக பையில போட்டுட்டாராம்.”

மூவரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் தன் வில்லையை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தால், அங்கே ஒரு கொக்கிகூடக் காலியாக இருந்திருக்காது.