எத்தனை பந்தி?

"இன்னாம்மா, உன் கம்ப்யூட்டர் இன்னும் யோசிக்குதா?"

காலையிலிருந்து ஏனோக் இதையேதான் கேட்கிறார். வாசலுக்கும் கூடத்துக்கும் நடை வேறு.

மருமகள் கரோலின் ராபர்ட்சன்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவள்.

நாளைக்கு சர்ச்சில் அன்பின் விருந்து. போன வருஷம் பந்தியிலேயே கைகலப்பு. குழம்பு வாளி பறந்தது. இந்த முறையும் சண்டை வந்தால் விருந்தே கிடையாது என்று ஆயர் சொல்லிவிட்டார். ஊரின் தங்கச் சுரங்கம் மூடியாச்சு. பாதிப்பேர் பெங்களூருக்கு மூட்டை கட்டுகிறார்கள். சேர்ந்து சாப்பிட இன்னொரு வருஷம் கிடைக்குமோ என்னவோ.

சர்ச் கமிட்டித் தலைவர் ஏனோக்தான் மருமகளிடம் யோசனை சொன்னார். யாருக்கு யார் ஆகாது என்று வீடு வீடாகக் கேட்டு வா. ஆகாதவர்கள் ஒரே பந்தியில் உட்காரக் கூடாது. எத்தனை பந்தி போடணும்? கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல். கரோலினும் வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்துவிட்டாள்.

"கஷ்டமான கணக்கு மாமா. ஒரு ஆள் கூடினாலே பார்க்க வேண்டிய வழி பல மடங்காயிடும். இதுக்குக் குறுக்கு வழி உலகத்துலயே இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."

"உலகத்துலயா? சுரங்கத்துல மேஸ்திரியா இருந்தப்ப, ஆளை இறக்குற கேஜ்ல எவனை எவன்கூட ஏத்தணும்னு நின்ன இடத்துல சொல்வேன் நான். முறைச்சா அரை நாள் சம்பளம் வெட்டு! ஒருத்தன் பேசுவான்?"

"பேச மாட்டாங்க மாமா."

"அப்புறம் இன்னா கஷ்டம்?"

மறுபடி வாசலுக்குப் போனார்.

சாயங்காலம் கரோலின் வந்து நின்றாள்.

"விடை வந்துடுச்சு மாமா. ஒரே பந்தி போதும். ஆனா பெரிய மனுஷர் ஒருத்தர் உக்காராம, எல்லாருக்கும் தன் கையால பிரியாணி போடணும்."

"அதுக்குத்தான் நான் இருக்கனே! இதைச் சொல்ல ஒரு நாளா? தண்டம்."

மறுநாள் மத்தியானம். ஒரே பந்தி. ஏனோக் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கரண்டியும் கையுமாக ஓடினார்.

"இன்னா சாமுவேலு, கறி இன்னும் ரெண்டு துண்டு?"

சாமுவேல் இலையைக் கையால் மறைத்தார். ஏனோக் குனிந்தபடியே நின்றார். சாமுவேல் கையை எடுத்துவிட்டார்.

கடைசி இலை எடுக்கும்வரை ஒரு சத்தம் இல்லை.

"பார்த்தியா ஐடா? நான் நின்னேன். எவனாவது மூச்சு விட்டானா?" மனைவியிடம் சொல்லிவிட்டு மிச்ச அண்டாவைப் பார்க்கப் போனார்.

ஐடா மருமகளை முழங்கையால் இடித்தாள். "அதெப்படிடி, கம்ப்யூட்டர் இவரைப் பார்த்து நிக்கச் சொல்லிச்சு?"

"கம்ப்யூட்டரைப் போடவே இல்ல அத்தை. மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்."

"எதை?"

"நான் போன வீட்டுலெல்லாம் ஒரே பேரைத்தான் சொன்னாங்க."