மார்கோவின் நன்றியுரை

மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு மாதம் தங்கியிருந்த இத்தாலிக்காரர் மார்கோ, ஊருக்குக் கிளம்பும் நாளில் தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தார்.

"சரோஜா, எனக்கு இங்கே ஒரு உள்ளூர் நண்பன் கிடைத்தான். தினமும் கடற்கரையில் அவனிடம் பாடம் படித்தேன். இன்று உங்கள் மொழியிலேயே நன்றி சொல்லப்போகிறேன்!" என்றார் ஆங்கிலத்தில்.

தெருவே திரண்டுவிட்டது. மைக் செட் வரதன் ஸ்பீக்கரே கட்டிவிட்டான்.

மார்கோ நெஞ்சில் கைவைத்து ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினார். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை.

"இன்னாக்கா பேசறாரு?" என்றான் வரதன், மைக்கிலேயே.

மார்கோவின் முகம் வாடியது. அப்போது பின்னாலிருந்து ஒரே ஒரு விசில். எதிர்க்கடை பரோட்டா மாஸ்டர் சுஷாந்த், கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினான். அவனுக்குச் சொந்த ஊர் ஒடிசா.

"அடப்பாவி, நீதான் வாத்தியாரா? தமிழ்னு சொல்லி ஒடியாவையா சொல்லிக்குடுத்துகினு இருந்த?" என்றேன் நான்.

"தமிழ்னு நான் சொல்லலக்கா. 'உன் பாஷையைக் கத்துக்குடு'ன்னுதான் சார் கேட்டாரு. நாலு வருஷமா இங்க கீறேன். அப்பிடிக் கேட்ட மொத ஆளு அவருதான்."



வரதன் மைக்கை மார்கோவிடம் நீட்டினான்.

"ஒன்ஸ்மோர், சார்!"