சுடுது, அக்கா

ஒரு விமானத்தின் எஞ்சினைச் சுற்றி மெல்லிய கம்பி ஒன்று ஓடியது. எங்காவது அளவுக்கு மீறிச் சூடேறினால், விமானியின் முன்னால் இருக்கும் சிவப்பு விளக்கிடம் சொல்வதுதான் அதன் வேலை.

போன வாரம் மழையில் ஈரம் இறங்கி, நெருப்பில்லாமலே அது கத்திவிட்டது. விமானம் பாதி வழியில் திரும்பியது. பயணிகள் திட்டித் தீர்த்தார்கள். மெக்கானிக் வந்து ஈரத்தைத் துடைத்து, கம்பியின் மேல் சூடான காற்றை ஊதிச் சோதித்தார். விளக்கு எரிந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவிட்டுப் போனார். ஆனாலும் கம்பிக்குத் தன் மேலேயே நம்பிக்கை வரவில்லை.

இன்று நடுவானில் அதன் முதுகில் சுரீரென்றது. இதுவும் ஈரமாக இருக்குமோ? கம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. சூடு ஏறிக்கொண்டே போனது.

"அக்கா, சுடுது."

"போன வாரமும் இதைத்தானே சொன்னே?" என்றது விளக்கு. "நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியலைக்கா. தப்பா இருந்தா என்னைக் கழற்றி எறியட்டும். நீ எரி!"

விளக்கு எரிந்தது. விமானி அந்த எஞ்சினை அணைத்து, மற்ற எஞ்சினின் பலத்தில் விமானத்தைப் பக்கத்து ஊர் விமான நிலையத்தில் இறக்கினார்.

அங்கே ஒரு மெக்கானிக் மூடியைத் திறந்தார். சூடான காற்று போகும் குழாய் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. அருகில் எரிபொருள் குழாயின் உறை கருகியிருந்தது.

"இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா..." என்றவர், முடிக்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கம்பி, தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நிமிஷங்களை எண்ணிப் பார்த்தது. எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்தது என்பது அதற்கு மட்டும்தான் தெரியும்.