அடுத்த ஆள்

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கண்ணெல்லாம் அறைக்கதவின் மேலேயே இருந்தது.

கதவிடுக்கில் வெள்ளை வெளிச்சம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த விளக்கு. விடிந்ததும் அதன் முன்னால் அரைமணி நேரம் உட்கார வேண்டும். முகத்தில் வெளிச்சம் பட்டால் ராத்திரி தூக்கம் தானாக வரும் என்றார் டாக்டர்.

எங்கே வந்தது?

எல்லையில் குண்டு வெடித்துத் தலையில் அடிபட்டதோடு அவள் புருஷனின் தூக்கம் போயிற்று. பட்டாளத்தை விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அது திரும்பவில்லை. கொஞ்சம் கண் அசந்தாலும் அலறிக்கொண்டு எழுவார். போன வாரம், எழுப்பப் போனவளின் கழுத்தைப் பிடித்துவிட்டார். யாரென்று தெரியவில்லையாம். அப்புறம் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

விளக்குக்கும் கேட்கவில்லையென்றால் வார்டில் சேர்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். இன்று போய்க் காட்ட வேண்டும்.

இந்த மனுஷரை அங்கே தனியாக விட்டுவிட்டு வருவதா?

நடுவில் கதவைத் திறக்கக் கூடாதென்பது அவர் உத்தரவு. இத்தனை நாள் அவள் மீறியதில்லை. இன்று மனசு கேட்கவில்லை.

தள்ளினாள்.

வெளிச்சம் பளீரென்று அவள் முகத்தில் அடித்தது.

விளக்கு கதவைப் பார்த்து இருந்தது. அதற்குப் பின்னால், இருட்டு மூலையில், நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் அவர்.

அடப் பாவி மனுஷா! தினமும் இந்தக் கூத்துதானா?

"வெளிச்சத்துக்கு முன்னாடி போய் எவனாவது உக்காருவானா, சுலோ? வர்றவன் கண்ணுலதான் அடிக்கணும். விடியற நேரமாப் பாத்துத்தான் வருவானுங்க."

கத்திவிடத்தான் வாயெடுத்தாள். அவர் கண் வாசலை விட்டு நகராததைப் பார்த்ததும் கோபமெல்லாம் வடிந்துபோயிற்று.

அடுத்த ஆள் வந்து நிற்காமல் காவலுக்கு நிற்பவன் இடத்தை விட்டு அசையக் கூடாது. பட்டாளத்துக் கதைகளில் அவர் எத்தனையோ தடவை சொன்னதுதான்.

இந்த வீட்டில் அடுத்த ஆள் யார் இருக்கிறார்கள்?

விளக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அறைவாசலில் குறுக்காக உட்கார்ந்தாள். அவருக்கு முதுகைக் காட்டி, தெருக்கதவைப் பார்த்து.

"நான் பாத்துக்கறேங்க. உங்க டூட்டி முடிஞ்சுது."



பின்னால் அவர் எழுந்திருக்கும் சத்தம். அவள் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போயிற்று.

நாற்காலி இழுபட்டது. விளக்கின் பக்கமாகத்தான்.

வெளிச்சம் படும் அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று ஆசையாக இருந்தது.

திரும்பினால் வாசலை யார் பார்ப்பது?