ஊரில் ஒரே மரம்

கணவர் நேற்றுப் போட்டிருந்த சட்டையின் காலரைத் திருப்பி, உட்பக்கம் செலோ டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி, மெல்ல உரித்தெடுத்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் இன்னும் நிற்கவில்லை. டேப்பைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

பதினான்கு வருடக் குடித்தனத்தில் அவர் சட்டையை அவள் சோதித்தது இதுவே முதல் முறை.

காற்றில் மிதக்கும் மகரந்தத்தை எண்ணுவதுதான் அவள் வேலை. ஆய்வுக்கூடத்து மொட்டைமாடியில் காற்றை உறிஞ்சும் கருவி ஒன்று உண்டு. அதில் ஒட்டியதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இன்று அதிகம், இன்று குறைவு என்று அவள் எழுதிக் கொடுப்பதுதான் மறுநாள் பேப்பரில் வரும்.

அவள் கணவருக்கோ மகரந்தம் என்றாலே ஆகாது. பூக்கும் பருவம் வந்துவிட்டால் மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், தும்மல் வரிசை கட்டி நிற்கும். உன் மெஷின் தப்பு சொன்னாலும் உன் வீட்டுக்காரர் மூக்கு தப்பு சொல்லாது என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

டாக்டர் சொன்னதை அவள் சட்டம் போல நடத்தினாள். காலையில் ஜன்னல் திறப்பதில்லை, துணி வெளியில் காய்வதில்லை. மாத்திரை, மூக்குக்கு ஸ்ப்ரே, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது எதுவும் ஒருநாள் தப்பாது. அவளும் தலைக்குக் குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டுதான் வேலையிலிருந்து திரும்புவாள். ஈரத் தலையோடு படியேறி வரும் மருமகளைப் பார்த்து, இப்படி ஒருத்தி கிடைக்க என் மகன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மாமியார் பக்கத்து வீடுவரை சொல்லி வைத்திருந்தார்.

அப்படியும் இந்த வாரம் அவர் தும்மல் அடங்கவில்லை. அவள் எண்ணிக்கையோ மூன்று நாளாகக் குறைவு. அவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது கம்ப்யூட்டர்கள் வைத்த, தூசி நுழையாத அறை. வேலை அதிகம் என்று மூன்று நாளாகத் தாமதமாக வேறு வந்தார். எங்கேயோ உதைத்தது.

ஆய்வுக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். பார்வை தெளிந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு துகளிலும் இரண்டு காற்றுப் பைகள், எலித் தலையில் இரண்டு காது வைத்தாற்போல. ஊசியிலை மரம்.

அவள் இந்த வேலைக்கு வந்த ஒன்பது வருடத்தில், மொட்டைமாடிக் கருவியில் இது பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ சிக்கினால் அதிகம். இங்கே நூற்றைத் தாண்டியும் எண்ணி முடியவில்லை. அந்த மரம் ஊரிலேயே ஒன்றுதான். ஆற்றுக்கு அக்கரையில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தின் முற்றத்தில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் உச்சி முழுக்க மஞ்சள் மாவு தூவினாற்போலத் தெரியும். அதன் அடியில் வெகுநேரம் நின்றால்தான் காலரில் இப்படி அப்பும்.

ஒருவேளை தன்னிடமிருந்தே ஒட்டியிருக்குமோ என்று நினைத்துப் பார்த்தாள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் குளிக்காமல், உடை மாற்றாமல் அவள் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை.

அதன் பிறகு வேலை ஓடவில்லை. அவர் அங்கே எதற்குப் போனார்? கேட்டால் குடித்தனமே உடைந்து போகலாம். கேட்காவிட்டால் இனி அவர் தும்மும்போதெல்லாம் இவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

அன்று நேரே வீட்டுக்கு வந்தாள். மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கணவர் அவளுக்கு முன்பே வந்து, வாஷ்பேசினில் குனிந்து மூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அவள் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னைக்குத் தலைக்குக் குளிக்கலையா?"

"சீக்கிரம் வரணும்னு தோணுச்சு."

அவர் தலையசைத்தார். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"இந்த வாரம் வெளியில எங்கயாவது நின்னீங்களா? தும்மல் ஜாஸ்தியா இருக்கே."

"நின்னேன்."

"எங்க?"

"ஒரு மரத்தடியில. மூணு நாளா, சாயங்காலம்."

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அவளுக்குக் குளிரெடுத்தது.

அவர் கைக்குட்டையை இரண்டாக மடித்தார். பிறகு நான்காக மடித்தார். மடித்ததை மடியில் வைத்து நீவிக்கொண்டே, ஏதோ விலாசம் விசாரிப்பவர் போல நிதானமாகக் கேட்டார்.

"அவன் இருக்கிறது மூணாவது மாடிதானே?"