ரிப்பனுக்கு அந்தப் பக்கம்

கடல் சூழ்ந்த ஒரு சின்ன நாட்டில், புது ஆய்வுக்கூடத்துக்குள் ரத்தப் பரிசோதனை இயந்திரம் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தது. வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோல் ஒன்று தட்டில் காத்திருந்தது. பக்கத்து பெஞ்சில் நர்ஸ் வைத்துவிட்டுப் போன பெட்டி. அதற்குள் ஐஸ், ரத்தம் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாயை இறுக அணைத்துக்கொண்டிருந்தது. காய்ச்சலில் கிடக்கும் சிறுவன் கதிரேசனின் ரத்தம். கூடம் திறக்கும்வரை, சோதிக்கப் படகில் அக்கரைக்குப் போகவேண்டும்.

"படகு வந்துச்சா?" என்றது இயந்திரம்.

"அமைச்சரைக் கூட்டிவரப் போயிருக்குண்ணே," என்றது ஐஸ். "எனக்கு ஓரமெல்லாம் கரையுது."

"உள்ளே வந்தா அரை மணி நேரத்துல என்ன காய்ச்சல்னு நானே சொல்லிடுவேன். தம்பி கத்தரிக்கோலு, ஒரே ஒரு வெட்டு."

"நல்லாயிருக்கே நீ சொல்றது," என்றது கத்தரிக்கோல். "அமைச்சர் கை படாம நான் வாயைத் திறந்தா அப்புறம் விழா எதுக்கு?"

வெயில் பெஞ்சின் மேல் ஏறியது. பெட்டிக்குள் தண்ணீர் தளும்புவது இயந்திரத்துக்குக் கேட்டது.

"ஐஸ் தம்பி, இருக்கியா?"

குழாய் மட்டும் தண்ணீரில் மிதந்தது.

சாயங்காலம் அமைச்சர் வந்தார். கத்தரிக்கோல் ஒருமுறை வாயைத் திறந்து மூடியது. எல்லோரும் கைதட்டினார்கள். நர்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள்; ரத்தம் கெட்டுப்போயிருந்தது. கதிரேசனிடம் புது ரத்தம் எடுத்துவர ஓடினாள்.

அவள் போன திசையிலிருந்து ஒப்பாரிச் சத்தம் கேட்டது. இருட்டுவதற்குள் குழாயோடு திரும்பினாள். இயந்திரம் ஆவலாக வாங்கிக்கொண்டது. அதே வீடு, அதே காய்ச்சல். பெயர் மட்டும் கதிரேசனின் தங்கையுடையது.