தொண்ணூற்றெட்டு சதவீதம்

"இந்த வார்டுல முப்பத்தோராயிரம் ஜனம். எந்த பூத்லயும் பாதிப் பேருக்கு மேல ஓட்டுப் போட்டதா சரித்திரமே இல்ல. ஆனா இந்த ஒரு பூத்ல மட்டும் அஞ்சு தேர்தலா தொண்ணூத்தெட்டு சதவீதம். கள்ள ஓட்டு இல்லாம இது நடக்காது. போய்ப் பிடிச்சுட்டு வாங்க."

தேர்தல் அதிகாரி இப்படிச் சொல்லித்தான் கணக்கு வாத்தியாரை அனுப்பிவைத்தார். இருபத்திரண்டு வருடத் தேர்தல் பணியில் ஒரு புள்ளிகூடத் தப்பாக வைக்காதவர் வாத்தியார். கறார் என்றால் அப்படியொரு கறார்.

பூத் இருந்தது ஒரு பத்து மாடி நகராட்சிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, கால் மணி கழித்து வெளியே பார்த்த வாத்தியார் திகைத்துப்போனார். வரிசையில் முதலாவதாக நின்றது ஒரு பீரோ.

அதற்குப் பின்னால் ஒரு கட்டில். அப்புறம் தையல் மெஷின், இரண்டு மெத்தை, ஓடாத வாஷிங் மெஷின். இடையிடையே வாக்காளர்களும் இருந்தார்கள்.

"என்னய்யா இது? ஓட்டுப் போட வந்தீங்களா, வீட்டைக் காலி பண்ண வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான் சார்" என்றார் பீரோக்காரர். "லிஃப்ட் இன்னிக்கு மட்டும்தானே ஓடும்."

விஷயம் அவ்வளவுதான். அந்தக் குடியிருப்பின் லிஃப்டை ஓட்ட நகராட்சிக்கு மனசே வருவதில்லை. ஆனால் பூத் இருக்கும் கட்டடத்தில் ஓட்டுப்பதிவு நடக்கும்போது லிஃப்ட் ஓடியே ஆகவேண்டும் என்பது தேர்தல் விதி. அதனால் ஐந்து வருடத்துக்கு ஒரு நாள், காலை ஏழு முதல் மாலை ஆறு வரை, மெக்கானிக் ஒருவர் வந்து ஓட்டுவார். கீழே இறங்க வாக்காளர் சீட்டைக் காட்ட வேண்டும். மேலே ஏற விரலில் மையைக் காட்ட வேண்டும்.

அப்புறம் ஏன் தொண்ணூற்றெட்டு வராது?

வாத்தியாருக்குச் சந்தேகம் தீரவில்லை. ஒவ்வொரு முகத்தையும் படத்தோடு மூன்று முறை ஒப்பிட்டார். மீசை எடுத்தவரிடம் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார். கள்ள ஓட்டு ஒன்றுகூடச் சிக்கவில்லை.

பீரோவும் கட்டிலும் நகர்ந்து, எட்டாவது மாடியிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாவின் முறை வரும்போது மணி மூன்றரை. சக்கர நாற்காலியை மாப்பிள்ளை தள்ளிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் காலில் போன தேர்தலுக்கு வாங்கிய செருப்பு, அடி தேயாமல் புதுசாகவே இருந்தது.

"சீக்கிரம் மை வைங்க தம்பி. தங்கச்சியைப் பாக்கப் போகணும். ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கா. போன எலெக்‌ஷனுக்குப் பாத்தது."

"இங்க கதை பேசக்கூடாதும்மா" என்றார் வாத்தியார்.

"மாடிப்படியில தூக்கிட்டு இறங்கலாம்னு ஒரு தடவை பாத்தேன் சார்" என்றார் மாப்பிள்ளை. "ஆறாவது மாடியிலேயே என் இடுப்பு போயிடுச்சு."

"நீங்களும் பேசக்கூடாது."

ஐந்து மணிக்கு நாற்காலி திரும்பி வந்தது. அந்த அம்மாவின் முகம் வாடியிருந்தது.

"பாத்தீங்களா?" என்று பூத் ஏஜெண்ட் கேட்டார்.

"எங்க பாக்க? காலையில தலைசுத்தி விழுந்துட்டாளாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பயப்பட ஒண்ணுமில்லையாம். புதன்கிழமை வீட்டுக்கு விட்டுடுவாங்களாம். ஆனா எனக்கு ஏது புதன்கிழமை?"

மாப்பிள்ளை வாத்தியாரின் மேஜைப் பக்கம் வந்து குனிந்தார். "சார், ஆஸ்பத்திரி ஊருக்கு அந்தக் கோடி. போயிட்டு வர எட்டு மணி ஆகும். லிஃப்டை அதுவரைக்கும் விடச் சொன்னீங்கன்னா..."

"ஆறு மணிக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. ஓட்டுப்பதிவு நடக்கும்போது மட்டும்தான் லிஃப்ட். விதின்னா விதி."

"வயசானவங்க சார்."

"விதியில வயசு போடலை."

"விடுங்க மாப்பிள்ளை" என்றார் அந்த அம்மா. "அடுத்த எலெக்‌ஷனுக்குப் பாத்துக்கலாம். அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஓட்டர் லிஸ்ட்ல இருந்தா."

வாத்தியார் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

எதிரும் புதிருமான மூன்று கட்சி ஏஜெண்டுகளும் அன்றைக்கு முதல் தடவையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். "கல்நெஞ்சன்யா" என்றார்கள்.

ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்காலி மேலே போனது. மெக்கானிக் சுவிட்சை அணைத்தார். யாருடைய சோபாவோ நாலாவது மாடியில் பாதி வழியில் நின்றுவிட்டது. ஏஜெண்டுகள் வெறுப்போடு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வாத்தியார் தனியாக உட்கார்ந்து கணக்கை முடித்து, ஓட்டுப் பெட்டியோடு வண்டி ஏறினார்.

அலுவலகத்தில் தேர்தல் அதிகாரி ஆவலோடு காத்திருந்தார்.

"எத்தனை கள்ள ஓட்டு?"

"ஒண்ணுகூட இல்ல சார். எல்லாம் லிஃப்ட் ஓட்டு."

அதிகாரிக்கு அது புரியவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"என்ன சார் இது, பெட்டியில சீலே இல்ல?"

வாத்தியாரும் எட்டிப் பார்த்தார். "ஆமா சார். மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா? நீங்களா? சீல் இல்லாத பெட்டி செல்லாதுன்னு ஊருக்கே வகுப்பு எடுத்தவர் நீங்க. இப்ப அந்த பூத்துக்கு மறுபடியும் ஓட்டுப்பதிவு நடத்தணும், தெரியுமா?"

"தெரியும் சார்."

"உங்க சர்வீஸ் புத்தகத்துல கரும்புள்ளி விழும். இருபத்திரண்டு வருஷப் பேரு போச்சு."

"விழட்டும் சார்" என்றார் கணக்கு வாத்தியார். "ஆனா ஓட்டுப்பதிவை நாளைக்கே வெச்சுடாதீங்க. அந்தம்மாவோட தங்கச்சி புதன்கிழமைதான் வீட்டுக்கு வர்றாங்க."